வி.டி.ஆர்.எல். - பழைய ஃபைலில் இருந்த நாலு எழுத்து

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது கொல்கத்தாவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஆள். இதில் இருப்பது சரித்திரம்தான். வைத்தியத்துக்கு டாக்டரிடம் போங்க. "குடும்பத்தோட படிக்கிற இடத்துல இதெல்லாம் தேவையா"ன்னு முகம் சுளிக்கிறவங்க, கடைசி வரைக்கும் படிச்சுட்டு சுளிங்க. :-)

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் இருந்த பெட்டிகளை இறக்கியபோது தங்கமணியின் பிரசவ ஃபைல் கிடைத்தது. பதினொன்றாவது படிக்கும் பையன் அதைப் புரட்டிக்கொண்டே வந்தான். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை எல்லாம் அவனுக்குப் புரிகிறது. ஒரு வரியில் நின்றான்.

"அப்பா, வி.டி.ஆர்.எல். நான்-ரியாக்டிவ்னு போட்டிருக்கே. அது என்னப்பா?"

"அது ஏதோ ரத்த டெஸ்ட்டுடா. எல்லாருக்கும் எடுப்பாங்க" என்றேன். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பதிலும் இல்லை.

நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் எடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டு ஃபைலையும் எடுத்துப் பாருங்க, இருக்கும். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் தாய்க்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான டெஸ்ட் அது. இருந்து, கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் ஊசியிலேயே தீர்ந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இதை ஏன் என் பையனிடம் சொல்ல முடியவில்லை?

எனக்கு இந்த நாலு எழுத்து வேறொரு விதத்திலும் பழக்கம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2012. அப்போதும் கொல்கத்தாவில்தான் இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் நம் ஊர்ப் பையன் ஒருவன் தோசை போட்டுக்கொண்டிருந்தான். வயது 25 இருக்கும். மாதம் பிறந்தால் எங்கள் கிளைக்கு வந்து, என் முன்னால் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பி, அம்மாவுக்குப் பணம் அனுப்புவான். திடீரென்று இரண்டு மாதம் ஆளைக் காணோம். மூன்றாவது மாதம் வந்தவன் கடன் கேட்டான். 15,000 ரூபாய்.

"எதுக்குப்பா? கல்யாணச் செலவுக்கா?" அவனுக்கு ஊரில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

தலையைக் குனிந்துகொண்டே ஒரு சீட்டை நீட்டினான். ரயில் பாதை ஓரச் சுவர்களில் 'குப்த ரோக்' என்று எழுதி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் இடத்தின் சீட்டு. ஏற்கனவே 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு லேகியமும் பொடியும் கொடுத்திருக்கிறார்கள். "புண்ணு ஆறிடுச்சு சார். ஆனா வேர் உள்ள இருக்குதாம். ரெண்டாவது கோர்ஸுக்கு 15,000 ஆகுமாம். கல்யாணத்துக்குள்ள முடிச்சிடணும்."

நான் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் போனதும் பாத்ரூமுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அவன் எழுதிய என் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டேன். சிஃபிலிஸ் பேனாவில் ஒட்டாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் போட்டேன்.

அந்த வெட்கம்தான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

இந்த நோய் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பெரிதாக வெடித்தது 1495ல். பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்த சமயம். படை கலைந்து வீரர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள், நோயும் கூடவே போனது. உடனே என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் அடுத்தவன் பெயரை வைத்தார்கள். இத்தாலிக்காரர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது 'போலிஷ் நோய்'.

நாம் மட்டும் என்ன? தமிழில் 'பறங்கிப் புண்' என்றோம். பறங்கிக்காயில் இருக்கும் அதே பறங்கிதான், வெள்ளைக்காரன். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய 1498க்குப் பிறகுதான் இந்தப் பெயருக்கே இங்கே இடம் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூலிலும் இது 'பிரங்க ரோகம்' என்றுதான் வருகிறது. 'சிஃபிலிஸ்' என்ற பெயர் இத்தாலிய மருத்துவர் ஃப்ரகாஸ்டோரோ 1530ல் வெளியிட்ட ஒரு நீண்ட கவிதையில் வரும் இடையனின் பெயரிலிருந்து வந்தது.

நோய் என்ன என்று யாருக்கும் தெரியாது. யார் கொண்டுவந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் 'தெரியும்'. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

வைத்தியம்? பாதரசம். பூசுவது, புகை போடுவது, விழுங்குவது என்று எல்லா வழியிலும் கொடுத்தார்கள். வாயில் எச்சில் ஆறாக ஓடும், பல் ஆடி விழும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டையும் இந்த நோய்க்குக் கொடுக்கப்பட்ட சரக்குதான்.

இதில் எதுவும் சரியாகக் குணப்படுத்தவில்லை. ஆனாலும் சுமார் 400 வருஷம் ஓடியது. எப்படி? இங்கேதான் இந்த நோயின் தந்திரம் இருக்கிறது.

தொற்றி சராசரியாக மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் வந்ததே தெரியாது. மருந்தே போடாவிட்டாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், அரிக்காது. அதுவும் தானாகப் போய்விடும். அப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. கவனிக்காமல் விட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பத்து, இருபது வருஷம் கழித்து இதயத்திலோ மூளையிலோ எலும்பிலோ அது எழுந்து நிற்கும்.

எங்கள் பாஷையில் சொன்னால் செயல்படாத கணக்கு. பரிவர்த்தனை எதுவும் இல்லை, லெட்ஜரில் அமைதி. ஆனால் கணக்கு மூடப்படவில்லை.

ஆக, எந்த வைத்தியர் எதைக் கொடுத்தாலும் புண் ஆறும். பாதரசம் கொடுத்தவரும் ஜெயித்தார், பட்டை கொடுத்தவரும் ஜெயித்தார், 2012ல் லேகியம் கொடுத்தவரும் ஜெயித்தார். நம் பையன் "புண்ணு ஆறிடுச்சு சார்" என்று சொன்னபோது, 400 வருஷமாக எல்லா நோயாளியும் சொன்னதைத்தான் சொன்னான்.

*

ஆகவே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வேறு அடையாளம் வேண்டும். அதைத் தேடியவர்கள் கதை சுவாரஸ்யமானது.

லண்டனின் பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். வெட்டை நோய் என்று நாம் சொல்லும் கொனோரியாவும் சிஃபிலிஸும் ஒன்றா இரண்டா என்று அப்போது சண்டை. 1767ல் அவர் கொனோரியா நோயாளியின் சீழை எடுத்து ஊசியால் குத்தி ஏற்றிப் பார்த்தார். சிஃபிலிஸ் வந்தது. 'இரண்டும் ஒரே நோய்தான்' என்று முடிவு கட்டி 1786ல் புத்தகமும் போட்டார். அந்த நோயாளிக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்திருக்கிறது! ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துவிட்டு ஆடிட் ரிப்போர்ட் எழுதிய கதை. பெரிய மனிதர் சொன்னதால் பல பத்து வருஷம் மருத்துவ உலகம் அதை நம்பியது. இரண்டும் வேறு என்று பிரான்ஸின் ஃபிலிப் ரிக்கார்ட் 1838ல் நிறுவினார்.

கிருமிகள் பிடிபட ஆரம்பித்தது அதற்கும் பிறகு. 1879ல் ஆல்பர்ட் நைஸர் கொனோரியா கிருமியைக் கண்டார். 1905ல் பெர்லினில் ஷவுடினும் ஹோஃப்மனும் சிஃபிலிஸின் கிருமியைக் கண்டார்கள். மெல்லிய சுருள் கம்பி மாதிரி இருக்கும்.

அதே 1905ல் சென்னையிலும் ஒன்று நடந்தது. சார்லஸ் டோனோவன் என்ற ஐரிஷ் மருத்துவர், பிறந்தது இதே கல்கத்தாவில், 1863ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். காலா அசார் நோயின் கிருமிக்கு 'லீஷ்மன்-டோனோவன்' என்று பெயர் இருக்கிறதே, அதே டோனோவன். பிறப்புறுப்பில் வரும் இன்னொரு வகைப் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் அதற்குரிய அடையாளத்தை மைக்ரோஸ்கோப்பில் 1905ல் பார்த்தார். அந்த நோய்க்கு 'டோனோவனோசிஸ்' என்றே பெயர் வந்தது. அதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1954ல் வெளியிட்ட நூலை எழுதியவர்கள் சென்னை மருத்துவர்களான ஆர்.வி.ராஜமும் பி.என்.ரங்கையாவும். நம் ஊர் டாக்டர்கள் உலகத்துக்கு இந்தப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நாம்தான் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

1906ல் வாஸர்மன், நைஸர், ப்ரூக் மூவரும் முதல் ரத்த டெஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தேவையான பொருளை, நோயால் வயிற்றிலேயே இறந்த சிசுவின் ஈரலிலிருந்து எடுத்தார்கள். சீக்கிரமே ஒரு வினோதம் தெரிந்தது. நோயே இல்லாத மாட்டு இதயத்திலிருந்து எடுத்தாலும் டெஸ்ட் வேலை செய்தது! அதாவது டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல. கிருமி உடம்பைச் சேதப்படுத்தும்போது கொழுப்பு போன்ற ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அந்தக் கொழுப்பை 1941ல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாட்டு இதயத்திலிருந்து சுத்தமாகப் பிரித்து, கார்டியோலிபின் என்று பெயர் வைத்தார்.

மருந்துக் கதை 606. ஜெர்மனியின் பால் எர்லிக் ஆர்சனிக் சேர்மங்களை வரிசையாகச் செய்து சோதித்துக்கொண்டிருந்தார். 606 என்று எண் போட்டதை முதலில் உதவியாளர் ஒருவர் பிரயோஜனமில்லை என்று ஒதுக்கிவிட்டார். 1909ல் ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா திரும்பப் பொறுமையாகச் சோதித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1910ல் 'சால்வர்சான்' என்று சந்தைக்கு வந்தது. ஆர்சனிக் என்றால் பாஷாணம்தான். ஆனாலும் பாதரசத்துக்கு இது எவ்வளவோ மேல்.

*

இப்போது நம் நாலு எழுத்துக்கு வருவோம். அது நோயின் பெயர் இல்லை, கிருமியின் பெயரும் இல்லை. ஓர் இடத்தின் பெயர். 'வெனீரியல் டிசீஸ் ரிசர்ச் லேபரட்டரி', அதாவது பால்வினை நோய் ஆய்வுக்கூடம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், கப்பல் மாலுமிகளுக்கான அரசு மருத்துவமனையில் இருந்தது.

1943ல் அதன் தலைவர் ஜான் மஹோனியும் சகாக்களும், நோய் புதிதாக வந்த நான்கு பேருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். 25,000 யூனிட், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், எட்டு நாள். கணக்குப் போடுங்க, 48 ஊசி, மொத்தம் 12 லட்சம் யூனிட். நான்கு பேருக்கும் புண்ணிலிருந்து கிருமி மறைந்தது. 1946ல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து எளிய ரத்த டெஸ்ட்டும் வந்தது. அதுதான் வி.டி.ஆர்.எல்.

ரத்தத்தின் தெளிநீரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு மருந்தோடு கலந்து, நாலு நிமிஷம் சுழற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்தால் 'ரியாக்டிவ்'. பிறகு அதை நீர்க்க நீர்க்கச் செய்து, எவ்வளவு நீர்த்தபிறகும் திரிகிறது என்று எண்ணில் சொல்வார்கள். 1:8, 1:16, 1:32 என்று. சிகிச்சைக்குப் பிறகு இந்த எண் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மலேரியா, தொழுநோய், சிலருக்குக் கர்ப்பம்கூட இந்த டெஸ்ட்டை ஏமாற்றும். அதனால் ரியாக்டிவ் என்று வந்தால் பயப்படாமல், டி.பி.ஹெச்.ஏ. போன்ற இன்னொரு டெஸ்ட்டால் உறுதி செய்யவேண்டும்.

ஆக 1946க்குள் மலிவான டெஸ்ட், மலிவான மருந்து இரண்டும் கையில். இந்தியாவிலும் 1954ல் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கப்பட்டு, நம் நாட்டுப் பெனிசிலினே வந்துவிட்டது. இன்றுவரை சிஃபிலிஸ் கிருமி பெனிசிலினுக்கு எதிர்ப்புச் சக்தி பெறவில்லை. அப்புறம் ஏன் இந்த நோய் ஒழியவில்லை?

*

'என்ன நோய்' என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். 'யாருக்கு நோய்' என்று கேட்பதை விடவில்லை. அதனால்தான்.

நான் இருக்கும் இந்த ஊரிலேயே நடந்தது. 1868ல் ஆங்கிலேய அரசு தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அந்த வருஷத்தின் 14ஆவது சட்டம், அதனால் வங்காளிகள் 'சொத்தோ ஆயின்' என்றார்கள், பதினாலாம் சட்டம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நோய் வருகிறது என்று, பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் போலீஸில் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை நடத்தி, நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற இடத்தில் அடைத்தார்கள். சிப்பாய்க்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனை இல்லை. பெண்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், பதிவு செய்யாதவர்கள் கைதானார்கள். பாதி ஆளை மட்டும் பிடித்துவைத்து ஒரு தொற்றை எப்படி நிறுத்துவது? இங்கிலாந்திலும் இதுபோன்ற சட்டத்துக்கு ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணி தலைமையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1888ல் இந்தியாவில் சட்டம் போனது.

இன்னொன்று அமெரிக்காவில். 1932ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ ஊரை மையமாக வைத்து அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் 'ஆய்வு' தொடங்கியது. சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்கள், அதில் 399 பேருக்கு சிஃபிலிஸ். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். இலவசச் சாப்பாடும், செத்தால் அடக்கச் செலவும் தருவதாகச் சொல்லி, சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 40 வருஷம்! பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் விஷயத்தை வெளியே சொல்லி, 1972ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

நாலு எழுத்துக்கும் களங்கம் உண்டு. அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கட்லர் 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் கைதிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் அவர்கள் சம்மதமில்லாமலே இந்த நோய்களைத் தொற்றவைத்து ஆராய்ந்தார். 2010ல்தான் வெளியே தெரிந்து, அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. பெனிசிலினால் குணமாகும் என்று கண்டுபிடித்த அதே கட்டடத்து ஆட்கள். அறிவு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நல்லதும் நடந்தது. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு வேலை கொடுத்தார். இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலா மூன்று மாதம் அலைந்து, பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேகரித்து, சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய் டெஸ்ட் செய்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். 'அது மேல்நாட்டான் நோய்' என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்கள் அடைத்தன. பறங்கிப் புண் கதைதான் மறுபடியும்! 2004லிருந்து அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

கொல்கத்தாவிலும் 1992ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா சோனாகாச்சியில் பால்வினை நோய்க் கிளினிக் தொடங்கினார். பெண்களை அடைத்து வைக்கவில்லை, அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். 1995ல் அந்தப் பெண்கள் 'உஷா' என்று சொந்தமாக ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சேமிப்பு, கடன் எல்லாம் உண்டு. வங்கிக்காரனாக எனக்கு இது உடனே புரிந்தது. கையில் நாலு காசு இருப்பவளால்தான் ஆணுறை போடாதவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியும். 1868ல் போலீஸால் முடியாததைச் செய்ய ஒரு பாஸ்புக்கும் உதவியது. ஜானா 2021ல் கொரோனாவில் இறந்துபோனார்.

*

பையன் கதையை முடிக்கிறேன். பேனாவைத் தூக்கிப் போட்ட மறுநாள், நானே மெஸ்ஸுக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். "கடன் கிடையாது. என்கூட ஆஸ்பத்திரிக்கு வா." அவன் மாட்டேன் என்றான். "போலீஸ்ல சொல்லிடுவாங்களா சார்? ஊருக்குத் தெரிஞ்சிடுமா?" 1868ல் ஓடியவர்கள் கேட்ட அதே கேள்வி.

அரசு மருத்துவமனை. வயதான வங்காளி டாக்டர். எங்கே போனாய், யாரிடம் போனாய் என்று அதட்டவில்லை. "அந்தப் பெண்ணுக்கும் மருந்து வேண்டும், முடிந்தால் அழைத்து வா" என்று மட்டும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். வி.டி.ஆர்.எல். 1:32. இன்னொரு டெஸ்ட்டும் உறுதி செய்தது. ஹெச்.ஐ.வி. இல்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஊசி. அவ்வளவுதான். 9,000 ரூபாயும் லேகியமும் செய்யாததை இரண்டு ஊசி செய்தது.

கல்யாணம்தான் கஷ்டமாக இருந்தது. "ஊசி போட்டாச்சே, தையிலயே முடிச்சிடலாமே சார்" என்றான். "எண் குறையட்டும்" என்றார் டாக்டர். "உனக்கு வர்றவளுக்கும், பிறக்கப் போறதுக்கும் சேர்த்துத்தான் இந்த டெஸ்ட்" என்றேன் நான். வீட்டில் ஏதோ உடம்பு சரியில்லை என்று சொல்லித் தேதியைத் தள்ளிப் போட்டான். ஆறு மாதத்தில் 1:8. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணிடம் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கே நான் வற்புறுத்தியிருக்கவேண்டும்.

வெளியூரில் தனியாக இருக்கும் தம்பிகள், மச்சினன்கள், மெஸ் பையன்கள் நம் எல்லோருக்கும் உண்டு. அவர்களுக்காகச் சில விஷயம்:

புண் ஆறிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் ரத்த டெஸ்ட் எடுங்க. கூடவே ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை போடாதீங்க. கொனோரியாவுக்கு இப்போது பெனிசிலின் வேலை செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அளவு வேறு.

பெண்களுக்குப் பல சமயம் எந்த அறிகுறியும் இருக்காது. கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் டெஸ்ட், சிகிச்சை. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் திரும்ப வரும்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பல இடங்களில் 'சுரக்ஷா கிளினிக்' என்று போர்டு இருக்கும். ஆலோசனையும் மருந்தும் இலவசம். யாரும் உங்கள் ஊருக்குக் கடுதாசி போட மாட்டார்கள்.

இதை எழுதி முடித்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வி.டி.ஆர்.எல். என்றால் என்ன, எதற்கு, எப்படி வரும், எப்படித் தீரும் எல்லாம் சொன்னேன். பத்து நிமிஷம்தான் ஆனது. பாதி எனக்குத்தான் வியர்த்தது. அவன் கேட்டுவிட்டு, "இதுக்காப்பா அன்னைக்கு அப்படி முழிச்சே?" என்றான்.

ஆமாம்டா, இதுக்குத்தான்.